எஞ்சினுக்கு வைத்த பொட்டு

அரவேணு வளைவில் ஷெட் போட்டிருக்கும் ஜெஸிந்தா தொட்டால், செத்துப்போன எஞ்சின்கூட எழுந்து உட்கார்ந்து டீ கேட்கும். சரி, டீ கேட்கும் என்பது கொஞ்சம் ஊதிவிட்டதுதான், இருமிக்கொண்டாவது எழுந்துவிடும். கோத்தகிரி, குன்னூர் டாக்ஸிக்காரர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கே ஆயுதபூஜைக்கு மறுநாள், ஸ்பேனரும் கையுமாக ஒரு நொடி நெஞ்சு நின்றுபோனது.

வண்டி மருதாசலத்தின் டாக்ஸி. எஞ்சினின் மேல், கீழ்ப் பல்சக்கரங்களைச் சேர்த்துச் சுழற்றும் டைமிங் பெல்ட் தேய்ந்துவிட்டதென்று பூஜைக்கு முந்தின நாளே கழற்றிப் போட்டிருந்தாள். கழற்றுமுன் மேல் பல்சக்கரத்திலும் கீழ்ப் பல்சக்கரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் ஒவ்வொரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். புதுப் பெல்ட் மாட்டும்போது அந்தப் புள்ளிகள் எஞ்சினில் இருக்கும் கோடுகளுக்கு நேராக நிற்க வேண்டும். தப்பினால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். வால்வு வளைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். லீவு சீசன் முடியும்வரை வண்டி ஷெட்டில் கிடக்கும். மருதாசலத்துக்கோ இந்த வண்டியை விட்டால் வேறு பிழைப்பில்லை.

புள்ளிகளைக் கோட்டுக்கு நேராக நிறுத்தினாள், பெல்ட்டை மாட்டினாள். சாவி போடுமுன் எப்போதும்போல ஸ்பேனர் போட்டு, கையாலேயே சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். அரைச் சுற்றுகூட வரவில்லை. 'ணக்!'

"அந்தோணியாரே!" ஸ்பேனர் நழுவிக் காலடியில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற மருதாசலம் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அக்கா, போச்சுங்களா?"

"மூச்சு விடாதீங்கண்ணா."

டார்ச் அடித்து, மேல் சக்கரத்தின் வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது. முகர்ந்தாள். சந்தனம்! நாலு பல் தள்ளி எண்ணெயில் ஒட்டிக்கிடந்த செண்டுமல்லி இதழைப் பிய்த்தாள். அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது அவளுடைய பெயிண்ட் புள்ளி.

"யாரு எஞ்சினுக்குப் பொட்டு வெச்சது?"

வாசலில் நின்ற மருதாசலத்தின் மனைவி சாந்தாமணி திடுக்கிட்டாள். "நேத்து இங்க வந்து வண்டிக்குப் பூஜை போட்டமுங்க. போடாம எப்படிங்க..."

"அதுக்காக அதோட குடல்ல எல்லாம் சந்தனம் அப்புவீங்களா?"

"நல்லாக் கேளுங்க அக்கா," என்று மருதாசலமும் சேர்ந்துகொண்டார். "நான் சொன்னா எங்க கேக்கறா!"

ஜெஸிந்தா பெல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பி, தன் புள்ளியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தாள். பெல்ட்டை இறுக்கி, மறுபடி கையால் சுற்றினாள். வழுவழுவென்று சுற்றியது. சாவி போட்டாள். எஞ்சின் ஒரு தரம் குலுங்கிப் பிடித்துக்கொண்டது. ஒரு தட்டல் சத்தம்கூட இல்லை. அப்புறம்தான் அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கையால சுத்தினதால பொழச்சோம். சாந்தாமணி, இனி எஞ்சின் பக்கம் உங்க சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தேன்..."

சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஸ்டியரிங்குக்கும் நாலு டயருக்கும்தானுங்க வெச்சேன். எந்தச் சக்கரமும் விட்டுப்போகக் கூடாதுன்னு உள்ள கையை விட்டு வெச்சது இவருங்க."