டோட்டல் லாஸ் கார்த்திகேசு

எங்கள் கிள்ளான் வரிசை வீடுகளில் கார்த்திகேசு வெள்ளைச் சிலுவார், அதாவது கால்சட்டை, போடாமல் வெளியே இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. வேலை என்னவோ நசுங்கிப்போன வண்டிகளோடுதான். ஆனால் அந்தச் சிலுவாரில் ஒரு பொட்டு கறுப்பெண்ணெய் இருக்காது. எப்படி இருக்கும்? ஒரு நாளாவது எஞ்சினைத் திறந்து பார்த்தால்தானே.

அடைக்கப்பன் செட்டியாரின் பழைய கார் கடையில் அவருக்கு வேலை. செட்டியார் கடனுக்கு வண்டி விற்பார். கடன் தீரும்வரை வண்டியின் உரிமைப் பத்திரம் அவர் அலமாரியில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி எங்காவது மோதிக்கொண்டால், அது எந்த வெர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்று தேடிப் பிடித்து, இன்சூரன்ஸ்காரனோடு விலைக்குச் சண்டை போடுவது கார்த்திகேசுவின் உத்தியோகம். கேட்டால் ‘வேல்யூவேஷன்’ என்பார். கத்துகிற வேலைக்கு அவ்வளவு பெரிய பெயர்.

அவருடைய ஆயுதம் போட்டோ. செட்டியாரிடம் வண்டி எடுப்பவர்கள் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய், மாலை போட்டு, சூடம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். அங்கே இவர் கேமராவோடு நிற்பார். கழுவிப் பொட்டு வைத்தால் எந்த வண்டிதான் அழகாக இருக்காது? பிற்பாடு அது நொறுங்கியதும் அதே படத்தைத் தூக்கிக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்விடுவார்.

எண்பத்து நாலில், எங்கள் வரிசைப் புஷ்பவல்லி செட்டியாரிடம் கடனுக்கு எடுத்த பள்ளிக்கூட வேனை ஒரு லோரி இடித்தது. நல்ல வேளை, உள்ளே பிள்ளைகள் இல்லை. புருஷன் போன பிறகு அந்த வேன்தான் அவளுக்குச் சோறு. முன்பக்கம் மட்டும்தான் அடி, சரி பண்ணிவிடலாம் என்று வெர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். ஆனால் இனி சரிப்படாது, ‘டோட்டல் லாஸ்’ என்று முடிவானால் இன்சூரன்ஸ் பணம் நேராகச் செட்டியாருக்கு. உடைந்த வேனும் செட்டியாருக்கு. புஷ்பவல்லிக்குக் கிடைப்பது கைவீசி நடக்கிற சுகம்.

“ரிப்பேர் பண்ணச் சொல்லுங்கண்ணே” என்று அவள் கார்த்திகேசுவிடம் கெஞ்சினாள்.

“மெக்கானிக்குக்கு வேல்யூவேஷன் தெரியுமா? நீ கவலப்படாத தங்கச்சி, அண்ணன் இருக்கேன்” என்றார்.

அவர் இருந்ததுதான் கவலையே. அதற்குள் அவர் பெண்டாட்டி குழாயடியில் வாயை விட்டிருந்தாள்: “அடுத்த மாசம் எங்க வேன் ஸ்ரீ கெம்பாங்கான் ஃபேக்டரிக்கு ஓடப்போவுது.” எந்த வேன் என்று கேட்கவா வேண்டும்? புஷ்பவல்லி அன்றிலிருந்து அவரை விடவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகிற நாளன்று காலையிலேயே செட்டியார் கடையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் காதுபடவே கார்த்திகேசு ஐயா செட்டியாரிடம் பேசினார்.

“குப்ப, முதலாளி! எஞ்சினே செத்துப்போச்சு. இன்சூரன்ஸ் குடுக்கிறத வாங்கிக்கிட்டு, அந்த ஓட்டைய பழைய இரும்பு வெலைக்கு என் தலையில கட்டிடுங்க. எனக்கென்ன, எடத்த அடைக்குதேன்னு பாக்கிறேன்.”

தியாகி! அங்கிருந்து கோலாலம்பூருக்கு பஸ். புஷ்பவல்லியும் ஏறினாள். “நீ எதுக்குமா?” என்றார். “என் வேன்தானேண்ணே” என்றாள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் இன்சூரன்ஸ் ஆள் ராதாகிருஷ்ணன். வண்டியைப் பார்க்காமலே விலையைப் பாதியாக வெட்டுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கார்த்திகேசு ஏற்றுவார், அவர் வெட்டுவார். வண்டியைப் போய்ப் பார்க்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது.

“ஓடித் தேஞ்ச வேன். இதுக்கு மேல தர முடியாது லா” என்றார் ராதாகிருஷ்ணன்.

“என்ன பாஸ் நீங்க! எஞ்சின் நேத்து பொறந்த புள்ள மாதிரி. அடியில சேஸ் சட்டத்துல ஒரு கீறல் கெடையாது. மூஞ்சி மட்டும்தான் சப்பை.”

“வாயால சொன்னா ஆச்சா?”

கார்த்திகேசு படத்தை எடுத்து மேசையில் அடித்தார். வேனுக்குப் பின்னால் கோபுரம், முன்னால் சூடத்தட்டு. அந்த மாதம் அவர் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் கயிறு கட்டிய அதே கையை அந்தச் சூடத்தின் மேல் வைத்தார். காலையில் செட்டியாரிடம் பேசும்போது இந்தக் கையைப் பாக்கெட்டில் விட்டிருந்தார் போலும்.

“ஆத்தா மேல சத்தியம். எஞ்சின் நல்லாருக்கு, சேஸ் நல்லாருக்கு. பொய்யின்னா என் கண்ணு போயிடும்!”

ராதாகிருஷ்ணன் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்புறம் எதுக்குங்க டோட்டல் லாஸ்? மூஞ்சிய மாத்தினா போச்சு. எங்களுக்கும் செலவு கம்மி. ரிப்பேர்னு எழுதிடுறேன்.”

ஐயா அவசரமாகப் படத்தைக் குப்புறத் திருப்பி வைத்தார். “இல்ல பாஸ்… உள்ள வயரிங்கெல்லாம்… உண்மையச் சொன்னா அது குப்ப…”

அதுவரை வாய் திறக்காத புஷ்பவல்லி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, கண்ணுண்ணே.”

ராதாகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “அக்கா சொல்றது சரி லா! கையில காப்பு வேற. பாத்துப் பேசுங்க.”

செட்டியாரிடம் கூசாமல் பொய் சொன்ன மனிதர் மாரியம்மனிடம் மாட்டிக்கொண்டார். சத்தியத்தைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை, வேனை வாங்கவும் முடியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் வாயே திறக்கவில்லையாம். அது ஒன்றுதான் அவர் அன்றைக்குச் செய்த நல்ல காரியம்.

வேன் புது மூஞ்சியோடு வந்தது. “நான் போராடி வாங்கிக் குடுத்தேன்” என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பெண்டாட்டி மட்டும் குழாயடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

தீமிதியன்று எங்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள் புஷ்பவல்லி. மஞ்சள் வேட்டியோடு ரோட்டோரம் நின்றவரையும் ஏற்றிக்கொண்டாள். சும்மா வரக் கூடாதா அந்த மனிதர்?

“எஞ்சின் எப்படிம்மா இருக்கு?”

“நீங்க சத்தியம் பண்ணின மாதிரியேதாண்ணே இருக்கு.”

வேன் முழுக்கச் சிரிப்பு. அன்று தீக்குழியில் மற்றவர்கள் எல்லாரும் நடந்தார்கள். கார்த்திகேசு ஓடினார்.