கால் இருக்கட்டும்

அன்று கரையில் இருந்தவர்கள்: நான். என் கொழுந்தன். என் வீட்டுக்காரரோடு ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகும் கூட்டாளி. நடுவில், மணலில் கால் நீட்டி உட்காரவைத்த என் வீட்டுக்காரர்.

நொச்சிக்குப்பம், சித்திரை மாதம், உச்சி வெயில். தொண்ணூறுகளின் கடைசி. நாலு மாதம் முன்னால் கரையேறும்போது அலை கட்டுமரத்தைத் தூக்கி அவர் முதுகில் போட்டது. தண்டுவடம் அடிபட்டுவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அது ஏறவில்லை. கடலில் நின்று கால் மரத்துப்போனால் சுடுமணலில் புதைப்போம். கொஞ்ச நேரத்தில் உதறிக்கொண்டு எழுந்து போவார்கள். நாங்கள் கண்ட வைத்தியம் அதுதான். அதையே செய்தோம். கொதிக்கிற மேல்மணலை வாரி வாரி அவர் காலில் கொட்டினோம்.

"இன்னாண்ணா, சுடுதா?" என்றார் கொழுந்தன்.

"ஒண்ணும் தெர்லடா."

"வெயிலு பத்தல மச்சான்" என்றார் கூட்டாளி.

கொழுந்தன் குடிசைக்கு ஓடி, இரும்புச் சட்டியில் மணலை வறுத்து எடுத்து வந்தார். கொட்டினோம். "இன்னும் போடு" என்றார் என் வீட்டுக்காரர். அடுத்த சட்டியை நான்தான் வறுத்தேன். தெரியவில்லை என்று அவர் சொன்னதை, சூடு போதவில்லை என்று எடுத்துக்கொண்டோம். மணலைத் தள்ளியபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே தோல் கழன்று வந்தது. நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புண் ஆழமாகப் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிடலாம் என்றார்கள். உணர்ச்சி இல்லாத கால்தானே, உயிருக்கு நல்லது என்றார்கள். நானும் சரி என்றுதான் நினைத்தேன். கையெழுத்துப் போட ஒரு வாரம் கேட்டுக்கொண்டு வந்தோம்.

அந்த வாரம்தான் அவர் அந்தப் பேப்பரைப் பார்த்தார். மீன் மடிக்க நான் எடைக்கு வாங்கும் பழைய பேப்பர். அதைப் படித்துத்தான் அவருக்குப் பொழுது போகும். வெளிநாட்டில் ஏதோ ஓர் உயிரணுவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது உடம்பில் எதுவாகவும் வளருமாம், நரம்பாகக்கூட ஆகுமாம் என்று படித்துச் சொன்னார். பாதியில் கிழிந்திருந்தது.

"மீதி எங்கமே?"

"வஞ்சிரத்தோட போய்ட்ச்சு."

சிரித்தார். அடிபட்ட பிறகு அன்றுதான் சிரித்தார்.

மந்தைவெளியில் என்னிடம் மீன் வாங்கும் டாக்டரம்மாவிடம் அவரைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் அழைத்துப் போனேன். மடியில் அந்தக் கிழிந்த பேப்பர். டாக்டரம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நெசந்தான். ஆனா இன்னும் எலிக்குத்தான் போட்டுப் பாக்கறாங்க."

"அப்ப நானு எலியா பொறந்திருக்கணும்."

"எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதுப்பா. வராமலும் போகலாம்."

"வந்தா? கால வெட்டிட்டா எதுலம்மா நடக்கறது? கால் இருக்கட்டும்."

டாக்டரம்மா புண்ணின் கட்டைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். எலும்புக்கு இன்னும் போகவில்லை, ஒரு மாதம் பார்க்கலாம், காய்ச்சல் வந்தால் மறுபேச்சு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த மருந்து வர்ற வரைக்கும் இவரோட வலி நீதான். இவருக்குத் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரியணும்."

தினமும் மருந்து வைத்துக் கட்டினேன். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்தோம். நான் மீன் கூடையோடு போகும் நேரத்தில் கொழுந்தன் செய்வார். மணல் வறுத்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. என் வீட்டுக்காரர் சவரக் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டாத இடத்தையெல்லாம் தானே பார்த்துக்கொள்வார். முன்பு காலில் முள் ஏறினாலும் பிடுங்காத மனிதர். ஒரு மாதம் இரண்டாகி, எட்டு மாதத்தில் புண் மூடியது. டாக்டரம்மா காசு வாங்கவில்லை. சங்கரா மீன் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அந்த மருந்து அவருக்கு வரவில்லை. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். வராததற்காகவா அவ்வளவும் செய்தாய் என்று கேட்கிறவர்கள் உண்டு. வரும் என்று நினைத்துத்தான் அவர் சாப்பிட்டார், வலை பின்னினார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். வராது என்று நினைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். பழக்கம். புண் எதுவும் இல்லை. கால் இரண்டு.