பதினொரு நிமிடக் கம்பளம்

சுகுமாரன் அண்ணனுக்கு எதையும் இரண்டு தடவை செய்தால்தான் நிம்மதி. ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்டில் கீழே வருவார், மறுபடி மேலே போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளில் இருபதடி போனபின் நிறுத்தி, ஸ்டாண்டை எடுத்துவிட்டோமா என்று காலால் தடவுவார். வார நாட்களில் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்து அனுப்பும் வேலை. அந்த வேலைக்கு இந்தக் குணம் தங்கம். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுப்பார். வம்பு அங்கேதான்.

நான் அதே கல்யாணங்களில் புகைப்படம் எடுப்பவன். பதினேழு வருடமாக அவருடைய கேமராவை மறைத்து நின்று திட்டு வாங்கியவன். அவரைப் பற்றிப் பேச இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நிபோங் திபாலில் வாசுவுக்குக் கல்யாணம். வாசு, அண்ணனின் மனைவி மீனாட்சி அக்காவுக்குக் கூடப் பிறந்த தம்பி. ஐயர் கெட்டிமேளம் என்று கையைத் தூக்கும்வரை வீடியோ அருமையாக இருக்கிறது. வாசு தாலியைக் கையில் வாங்குகிறான். அத்தோடு சரி. அடுத்த துண்டில் மண்டபத்துச் சிவப்புக் கம்பளமும், பந்திக்குப் போகிறவர்களின் கால்களும், முழுசாகப் பதினொரு நிமிடம். என் புகைப்படங்களில் தாலி இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் அதைவிடப் பெரிதாக யாரோ ஒரு பெரியப்பாவின் வழுக்கை இருக்கிறது.

"கார்டு மயக்கம் போட்டுருச்சு தம்பி" என்று அண்ணன் அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு அந்த மெமரி கார்டைச் செய்தவர்களின் பரம்பரையையே அவர் விட்டுவைக்கவில்லை. அண்ணன் கொடுத்த அந்தக் கார்டை வாசு தூக்கி எறியவில்லை. காணாமல் போன படத்தை மீட்க ஒருநாள் வழி வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சின்னப் பெட்டியில் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அவன் மனைவி சுபாஷினி வெள்ளிக்கிழமை தோறும் முருகனுக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கும் ஒன்று வைப்பாள்.

அன்றிலிருந்து அண்ணன் முகூர்த்தம் எடுப்பதில்லை. பிறந்தநாள், காதுகுத்து, ராத்திரி விருந்து, அவ்வளவுதான். இந்த வருடம் மீனாட்சி அக்கா நச்சரித்ததில், ஆவணி முதல் முகூர்த்தத்தில் கெலுகோரில் ஸ்ரீகரன் என்பவரின் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டார். "இதுவும் போச்சுன்னா கேமராவ வித்துருவேன்" என்று என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதற்காகத்தான் ரெக்கார்டர் வாங்கினார். கேமராவின் தலையில் ஒரு குட்டி டிவி மாதிரி உட்காரும். கேபிள் வழியாக அதே படத்தை வாங்கித் தன்னிடமும் ஒரு பிரதி பதிந்துகொள்ளும். கேமராவின் சிவப்புப் பட்டனை அமுக்கினால் இதுவும் கூடவே ஓடும். மறுபடி அமுக்கினால் இரண்டும் நிற்கும். கார்டு காலை வாரினாலும் இது கைவிடாது.

ஆடி மாதம் எங்கள் தொழிலுக்கு விடுமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ரெக்கார்டரின் திரை நீலமாக, படம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணன் விளக்கப் புத்தகத்தின் சீன மொழிப் பக்கங்களை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"இங்கிலீஸ்ல பாருங்கண்ணே."

"பாத்துட்டேன். அதுல சொல்லாதது இதுல படத்துல இருக்கும்லா."

முக்கால் மணி நேரம் கழித்து, கேபிளை உள்ளே வாங்கும் துளையில் மாட்டாமல் வெளியே அனுப்பும் துளையில் மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்தோம். சரி செய்ததும் படம் வந்தது. ஆனால் ரெக்கார்டர் கேமராவின் மேல் முன்னால் சாய்ந்து தூங்கி விழுந்தது. தாங்கியின் திருகை இரண்டு தடவை இறுக்கினார், தலை நிமிர்ந்தது.

"இப்ப முகூர்த்தம் வச்சுப் பாக்கணும்" என்றார்.

மணப்பெண்ணுக்கு மீனாட்சி அக்காவைக் கேட்டதற்கு, அரிசி களைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே ஸ்டாண்டு மின்விசிறியைக் கொண்டுவந்து, அக்காவின் பழைய அரக்குச் சேலையைச் சுற்றி உட்கார வைத்தோம். மாப்பிள்ளை நான். ஐம்பத்தோரு வயதுவரை கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்தவன், ஜெலுத்தோங்கில் பட்டப்பகலில் ஒரு மின்விசிறியின் கழுத்தில் பார்சல் கட்டும் நூலை மூன்று முடிச்சுப் போட்டேன். அண்ணனே ஐயர், அண்ணனே மேளம். கேமராவைத் தோளில் வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்தார். அவருக்கு உண்மையாகவே வியர்த்தது.

முடிந்ததும் பட்டனை அமுக்கி நிறுத்தினார். கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, கீழே கடைக்குப் போய் இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ குடித்து வந்தோம். போகும்போது லிஃப்டுக்கு எதிரே வந்தது எட்டாவது மாடி சித்தி ஹாஜரா அக்கா; சித்தி என்பது உறவல்ல, பெயர். கையில் மீனாட்சி அக்காவுக்குக் கூவே பலகாரத் தட்டு.

திரும்பி வந்தபோது அந்த அக்கா போய்விட்டிருந்தார். மீனாட்சி அக்கா சமையலறையில். ரெக்கார்டரில் நேரக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்திட்டுத்தானண்ணே போனீங்க?"

"நிறுத்தினேனே" என்றவர், மறுபடி அமுக்கினார். ஓட்டம் நின்றது.

உள்ளே இரண்டு துண்டுகள் இருந்தன. முதல் துண்டில் நான் நூலைக் கையில் எடுக்கிறேன். அத்தோடு சரி. அண்ணனுடைய முகம் வெளுத்துவிட்டது. "புது சாமானுமா மயக்கம் போடும்?" என்றார்.

இரண்டாவது துண்டு பதினாலு நிமிடம். மேசையின் ஓரம், சுவரில் காலண்டர், வேறொன்றுமில்லை. ஆனால் பேச்சுச் சத்தம் இருந்தது. அண்ணன் ஹெட்போனை மாட்டினார், ஒரு காதை விலக்கி எனக்கும் கொடுத்தார். இரண்டு ஆம்பிளைகளும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டோம்.

"கார்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா" என்றது மீனாட்சி அக்காவின் குரல். "எல்லாம் இவரு கட்டைவிரலுதான். அன்னிக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கெட்டிமேளம்னதும், ஓடுதோ இல்லியோன்னு பயந்து இன்னொருக்கா அமுக்கிட்டாரு. நின்னுபோச்சு. அப்பறம் நிறுத்துறேன்னு அமுக்கினா, அது ஓட ஆரம்பிச்சிருச்சு. இப்ப ஃபேனுக்கும் அதையேதான் செஞ்சாரு."

"சொல்ல வேண்டியதுதானே மீனா?" இது சித்தி ஹாஜரா அக்கா.

"சொன்னா மனுசன் கேமராவத் தொடவே மாட்டாருக்கா. கார்டு திட்டு வாங்கிட்டுப் போவட்டும், அதுக்கு வலிக்கவா போவுது. அங்க என் தம்பி வீட்டுல அதுக்குப் பொட்டு வெக்கிறாங்க. அதான் ராத்திரி படுத்தா ஒரு மாதிரியா இருக்கு."

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். விருந்தாளிகள் உற்றுப் பார்க்கிறார்கள் என்று கேமரா ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கின் மேல் அவரே ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தார். பிறகு வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். மனைவி இரண்டு வருடமாக இதை மனசுக்குள் பூட்டிக்கொண்டு, தம்பியிடமும் பொய் சொல்லி நின்றிருக்கிறாள். அதுதான் அவரைப் போட்டு அடித்தது.

"பேசாம இருந்துரலாம்ண்ணே" என்றேன். "யாருக்குத் தெரியப் போவுது?"

"பொட்டு வெக்கிறாங்க தம்பி" என்றார். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, வாசுவைக் கூப்பிட்டார்.

"மச்சான், அந்தக் கார்டு நல்ல கார்டுதான். அது மயக்கம் போடல. நான்தான் ரெண்டு தடவ அமுக்கிட்டேன்."

சமையலறையில் அரிசி களையும் சத்தம் நின்றது. மீனாட்சி அக்கா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

போனில் சுபாஷினியின் குரல் கேட்டது. "அப்ப அதுல எங்க தாலி இல்லவே இல்லியாண்ணே?"

"இல்லம்மா" என்றார் அண்ணன். "கம்பளந்தான் இருக்கு."

"ரெண்டு வருசமா கம்பளத்துக்கா பொட்டு வெச்சேன்" என்றாள். பிறகு ஏதோ சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள் என்று தெரிய நேரமாயிற்று. அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது.

வாசு போனை வாங்கினான். "மாமா, அடுத்த வாரம் ஆடிப்பெருக்கு. தாலிக் கயிறு மாத்தணும்னு இவ சொல்லிக்கிட்டே இருந்தா. இந்தத் தடவ நானே கட்டிவிடறேன். வந்து எடுங்க. புது ரெக்கார்டரையும் கொண்டாங்க."

"வரேன்டா" என்றார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டிருக்குமோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னார், "வரேன்."

"அக்காவையும் கூட்டிட்டு வாங்க மாமா" என்றான் வாசு. "பட்டன அவங்க அமுக்கட்டும்."