ஓரம் விட்டு அச்சிட்டவர்

காலை ஷிப்ட் பேருந்துகள் தொழிற்சாலைக்குள் வந்துகொண்டிருந்தபோது மூன்றாம் லைனிலிருந்து ஒரு பெண் பயிற்சி அறைக்கு வந்தார். "மேடம், ரத்னம்மாக்கா போயிட்டாங்க" என்றார். மருத்துவமனையில் இருக்கிறார் என்று தெரியும். திரும்பி வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தேன். மதியம் நாங்கள் பத்துப் பேர் தளியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம். வர முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரத்னம்மா லைனில் நின்று வயர் பொருத்தியவர். ஷிப்ட் முடிந்ததும் என் பயிற்சி அறைக் கணினியில் உட்கார்ந்து, ஓய்வு பெறுகிறவர்களுக்கு டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்வார். படங்கள், பெயர்கள், சுற்றிலும் பூ வேலை. எனக்கு அந்தப் பூக்கள் பிடிக்கவில்லை, சொல்லியும் விட்டேன். "உங்க காலேஜ் புக்குல பூ இருக்காது மேடம். இது எங்க புக்கு" என்று சிரித்துவிட்டு இன்னும் ஒரு ரோஜாவை வைத்தார்.

ஆனால் வேலையில் அவர் கறார். வாட்ஸப்பில் வந்த படத்தைத் தொடமாட்டார். "அது கரும்புச் சக்க மேடம். போன்ல பாக்கலாம், பிரிண்டுக்கு ஆவாது" என்பார். எடுத்தவரின் போனையே வாங்கி, கேபிள் போட்டு மூலப்படத்தை இறக்குவார். பிறகு திருத்துவதற்கான கோப்பு ஒன்று, அச்சுக்குப் போகும் பிடிஎஃப் ஒன்று என்று தனித்தனியாகச் சேமிப்பார். ஒருமுறை நான் ஒன்றின் மேல் மற்றொன்றைச் சேமித்துவிட்டேன். இரண்டு நாள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

பெண்களின் முதல் அணி வேலைக்குச் சேர்ந்த இருபதாம் ஆண்டுக்கு ஒரு புத்தகம் செய்தோம். நடுவில் இரண்டு பக்கங்களை நிரப்பி ஒரே குழுப் படம். பிடிஎஃபைத் திரையில் பார்த்து, ஒப்புதல் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டவள் நான். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அட்டைப்பெட்டிகள் வந்தன. ரத்னம்மா நடுப்பக்கத்தைத் திறந்தார். விரல் இடது ஓரத்தில் நின்றது.

"கௌரி எங்க?"

கேன்டீன் கௌரியின் முழங்கை மட்டும் இருந்தது. வலது ஓரத்தில், துப்புரவு வேலை செய்யும் முனியம்மாவுக்குப் பாதி முகம். அச்சகத்தில் பக்கங்களின் விளிம்பைச் சீராக வெட்டியபோது இருவரும் போய்விட்டார்கள்.

"ரெண்டு பேர்தானே ரத்னம்மா. ஓரத்துல இருக்கறது யாருக்கும் தெரியாது" என்றேன். நான்தான் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கான்ட்ராக்ட்காரங்க ஓரத்துலதான் நிப்பாங்க மேடம். நடுவுல வான்னு கூப்ட்டாலும் வர மாட்டாங்க. நானும் ஆறு வருசம் அப்படித்தான் நின்னேன். நாமதான் ஓரம் விடணும். படத்த விளிம்பு வரிக்கும் இழுத்தது நான். தப்பு என்னுது."

அன்றே படத்தைச் சிறிதாக்கினார். நான்கு பக்கமும் ஒரு விரல் அகலம் விட்டு, முழுத் தரத்தில் மறுபடி பிடிஎஃப் எடுத்தார். பென் டிரைவோடு கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி அச்சகத்துக்கு நாங்கள் இருவரும் பேருந்தில் போனோம். யாரம்மா இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று அச்சகக்காரர் கன்னடத்தில் கேட்டார். "அவங்க ரெண்டு பேரும் பாப்பாங்க" என்று கன்னடத்திலேயே பதில் சொல்லிவிட்டு, வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முதல் பிரதி வெட்டி வந்ததும் இரண்டு ஓரங்களையும் பார்த்தார். பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

விழா மேடைக்குக் கௌரி வரவில்லை. புத்தகத்தைக் கேன்டீனுக்கே எடுத்துப் போனோம். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.

"அய்யே, கண்ண மூடிக்கினு நிக்கறேனே!"

"அடுத்த வாட்டி தொறந்து வை. உன்ன நடுவுல நிக்க வெக்கறேன்."

"வேணாங்க்கா, எனக்கு வெக்கமா கீது."

பிழையான பிரதிகளை ரத்னம்மா பழைய தாளுக்குப் போட்டார். ஒன்றை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் 'சரி'யை மறுத்து, அதை என் கண்முன்னே திருத்திக் காட்டிய ஒருவரோடு வேலை செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பிரதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் அதைத் திறந்து, கௌரியின் முழங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.