அணைக்காமல் ஓட்டிய கார்

கார்குழலி வாடகைக் கார் ஓட்டுகிறவள். அதற்கு முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்தாள். ஆலையை மூடியபின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். புருஷன் பக்கிரி முதலில் முகம் சுளித்தான். பிறகு அவனே காலையில் எழுந்து காரைக் கழுவி வைக்க ஆரம்பித்தான்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், தவளக்குப்பத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் மதாம் என்று கூப்பிடும் மார்கரீத் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மதாமுக்கு முந்தின நாள்தான் புரை எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் பிரான்சில். வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் தனியாக இருப்பவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சொட்டு மருந்துப் பையை மடியில் வைத்திருந்தார்.

கடைத்தெருவைத் தாண்டியதும் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. கார்குழலி ஓரங்கட்டி, தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் பலராமனுக்கு போன் போட்டாள். பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அது நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப டைனமோதான் சார்ஜ் ஏத்தல. பேட்டரியில இருக்கறத வச்சு வந்துடலாம். ஏசி போடாத. இன்ஜின மட்டும் எங்கயும் நிறுத்திடாத, திரும்ப ஸ்டார்ட் ஆவாது" என்றார்.

வேறு கார் பிடித்துத் தரவா என்று கார்குழலி மதாமிடம் கேட்டாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். ஏசியையும் ரேடியோவையும் அணைத்தாள். மதாமின் கண்ணில் தூசி படக் கூடாது என்பதால் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். உள்ளே வெந்தது. மதாம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசல். பிரேக் விளக்குக்கும் பேட்டரி செலவாகுமே என்று கைப்பிரேக்கைப் போட்டு நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் ஒருமுறைகூட அடிக்கவில்லை. வண்டிகள் நகர்ந்தபோது மூச்சு வந்தது. முதலியார்பேட்டை தாண்டியதும் இண்டிகேட்டர் மங்கிவிட்டது. திருப்பங்களில் கையை வெளியே நீட்டிக் காட்டியபடி ஓட்டினாள்.

மதாம் வீட்டு வாசலில் நின்றபோது இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உடனே கிளம்பினால் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் மதாம் படியைக் காலால் தடவித் தடவித் தேடினார். சொட்டு மருந்து போடவும் நேரமாகியிருந்தது. போட்டுவிட வீட்டில் ஆள் இல்லை.

"நீ போ குழலி, வண்டி நின்னுடப் போவுது."

"நின்னா நிக்கட்டும் மதாம். படி பாத்து வாங்க."

உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் சாய்த்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மதாமின் கீழிமையை மெல்ல இழுத்துப் பிடித்தாள். அப்போது வெளியே இன்ஜின் இரண்டு முறை குலுங்கி நின்றது. இருவருக்கும் கேட்டது. கார்குழலியின் கை அசையவில்லை. மருந்து கண்ணுக்குள் சரியாக விழுந்தது.

"மெர்சி" என்று நன்றி சொன்னார் மதாம், கண்ணை மூடியபடியே.

பலராமனுக்கு மறுபடி போன் போட்டாள். வேறு பேட்டரியோடு வெயில் தாழ வருவதாகச் சொன்னார். அதுவரை அங்கேயே இருந்தாள். சோறு வடித்தாள், குழம்பைச் சூடு பண்ணினாள், இருவரும் சாப்பிட்டார்கள். மதாம் தூங்கிப்போனதும் கார்குழலியும் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். பகலில் அவள் தூங்கி ரொம்ப நாளாகியிருந்தது.

இருட்டுவதற்கு முன்பே கார் பட்டறைக்குப் போய்விட்டது. வேறு டைனமோ மாட்டி, மறுநாள் மத்தியானம் தந்தார் பலராமன். அங்கிருந்து நேராக அடுத்த சவாரிக்குப் போனாள்.