குங்குமம் வைத்த மூட்டை

வாசிப்பவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு எதுவும் கேட்க மாட்டேன். எரிந்ததை எரிந்தபடி சொல்கிறேன்; முகத்தைத் திருப்பாமல் நின்றால் போதும்.

காரைக்கால் பட்டிமன்றங்களில் குரல் பழகியவன் நான். என் அணி தோற்று இறங்கிய மேடை என் நினைவில் இல்லை. சைகோனுக்கு வந்து டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, நகரின் கான் ஹொய் பகுதியில் அக்கா வீட்டில் தங்கினேன். அத்தான், போர் முடிந்து ஆட்சி மாறிப் பெரும்பாலான தமிழர்கள் ஊர் திரும்பிய பின்னும் பெயராமல் இருந்துவிட்ட ஒரு காரைக்கால் குடும்பத்தின் பேரன். அவர் தொழில் வே சாய்: வீடுகள் கழிக்கும் பழைய சாமானை வாங்கி, உடைத்து, பிரித்து விற்பது.

பகலில் என் கண்முன் புதிய கைபேசிகள் பெட்டி பெட்டியாக விமானத்திலிருந்து இறங்கும். மாலையில் வீடு திரும்பினால், அவை துரத்திவிட்ட பழையவை கீழ்த்தளத்தில் சுத்தியலுக்குக் காத்துக் கிடக்கும். அத்தான் தொலைக்காட்சிக் குழாயின் கழுத்தில் ஒரே அடி அடிப்பார். கண்ணாடி சீறிச் சிதறும். கைபேசியின் முதுகைப் பிளந்து, உப்பிய பேட்டரியை உளியால் நெம்பி எடுத்துச் சாக்கில் எறிவார். பிறகு வாசலில் இருக்கும் பீப்பாயில் கம்பிச் சுருள்களைக் கொளுத்துவார். செம்பு மிஞ்சும். புகை மாடியேறி அக்காவின் நெஞ்சுக்குள் போகும்.

அக்காவுக்கு மூச்சு இழுத்தது. இந்தப் புகையிலேயே இருந்தால் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புருஷனை விட்டு வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஆகவே நான் வாதாட வேண்டியிருந்தது ஒருவரிடம்தான்.

"அத்தான், உடைக்கிறது மறுசுழற்சி ஆகாது. கம்பியை எரிக்காம உரிக்கலாம். பேட்டரியை மணல்ல போட்டு வச்சு, சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிட்டா, முறையா பிரிக்கிற ஆலைக்குப் போயிடும்."

"மாப்ள, மைக்கு இல்லாமலேயே இவ்வளவு சத்தமா? உன் தொண்டையில எவ்வளவு செம்பு இருக்குன்னு ஒருநாள் உரிச்சுப் பாக்கணும்."

"செம்பு உங்களுக்கு. புகை அக்காவுக்கு. இது என்ன பங்கு?"

பேட்டரி மூட்டையை அனுப்பச் சம்மதித்தார். கம்பியை உரிக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

அன்று மாலையே பீப்பாய் மறுபடி எரிந்தது. எதிர்வீட்டு வெல்டர் கடப்பாரையோடு வந்து, ஒரே வீச்சில் அதைக் கவிழ்த்தார். தணல் எங்கள் கால்களில் சிதறியது.

"வே சாய்க்காரா, உன் பெண்டாட்டி இருமுறதைக் கேட்டு என் வீட்டுல சோறு இறங்கல. உனக்கு மட்டும் எப்படிய்யா இறங்குது?" என்று வியட்நாமிய மொழியில் கேட்டார்.

அத்தான் அவர் சட்டையைப் பிடித்தார். வெல்டரின் முழங்கை அத்தானின் உதட்டைக் கிழித்தது. நான் நடுவில் புகுந்து ஆளுக்கொரு குத்து வாங்கினேன். அக்கா மாடியிலிருந்து கத்த முயன்றாள், இருமல்தான் வந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. சேகரிப்பு நிலைய வண்டிக்குத் தயாராகப் பேட்டரி மூட்டையை வாசலுக்கு உள்ளே ஓரமாக வைத்திருந்தேன். வண்டி வந்தது. அத்தான் கதவில் கையை வைத்து மறித்தார்.

"இன்னிக்கு ஆயுத பூஜை மாப்ள. தொழில் சரக்கு வாசல் தாண்டக் கூடாது. எங்க தாத்தா காலத்துப் பழக்கம்."

"வெடிக்கிற சரக்கு அத்தான் இது."

"சரஸ்வதி பாத்துப்பா."

வந்த வண்டி வெறுமையாகத் திரும்பியது. அத்தான் சுத்தியலுக்கும் உளிக்கும் சந்தனமிட்டு, மூட்டைக்கும் ஒரு குங்குமம் வைத்தார். அக்கா ஆரத்தி காட்டினாள். கற்பூரப் புகை தாளாமல் மாடிக்குப் போனாள். சரக்கு தாண்டாத வாசலை வண்டி தாண்டலாமாம். அத்தான் கீழ்த்தளத்தில் நின்ற தன் மூன்று சக்கர வண்டியில் ஏறி, எலுமிச்சையை நசுக்கிப் புறப்பட்டார். சாறில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி தன் முழு எடையோடு மூட்டையின் மேல் ஏறியது.

முதலில் ஒரு சீறல். பிறகு வெள்ளை நெருப்பு. ஒவ்வொரு பேட்டரியாக வெடித்து, எரியும் துண்டுகள் சுவரில் அறைந்தன. பிளாஸ்டிக் குவியல் பற்றிக்கொண்டது. அத்தான் மூட்டையைக் கையால் இழுத்து வெளியே எறியப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் சாக்கோடு போயிற்று. அவர் இடுப்பைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டேன். திரும்பினால், மாடிப்படி நெருப்புக்குள் இருந்தது.

அக்கா முன்னறை ஜன்னலில் நின்றாள். திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கிராதி. அதைப் பற்றியிருந்த அவள் விரல்கள் மட்டும் கரும்புகைக்கு வெளியே தெரிந்தன. நான் சன்ஷேடில் தொற்றி ஏறிக் கிராதியை உலுக்கினேன். அது அசையவில்லை.

"நகரு, பேச்சாளரே."

வெல்டர் ஏணியில் நின்றார். கையில் அதே கடப்பாரை. சுவரோடு கிராதி சேரும் இடத்தில் குத்தினார். காரை உதிர்ந்தது. மறுபடி குத்தினார். நான் கிராதியில் தொங்கி என் எடை முழுவதையும் போட்டேன். ஒரு மூலை பெயர்ந்தது. அந்த இடுக்கு வழியாக அக்காவை இழுத்தோம். இரும்பு அவள் தோளைக் கிழித்தது. என் மார்பில் விழுந்தவளின் வாயிலிருந்து நெடுநேரம் மூச்சே வரவில்லை. பிறகு வந்தது. அந்தக் கரகரப்பை விட இனிய ஒலியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

தீயணைப்பு வண்டி வந்து நெருப்பு அடங்கிய பின், ஈரத் தெருவில் மக்கள் சூழ்ந்தனர். "இவங்களை இங்கிருந்து கிளப்புங்க" என்றது ஒரு குரல். பலர் ஆமோதித்தனர். அத்தான் கரிந்த கையை மடியில் வைத்துத் தலைகுனிந்திருந்தார். அவரைத் துரத்தினால் அடுத்த தெருவில் அதே பீப்பாய் எரியும். அக்கா அங்கேயும் கூடவே போவாள். நகரமோ புதியதை வாங்கிப் பழையதைக் கழித்துக்கொண்டேயிருக்கும். அதை யாராவது முறையாகப் பிரித்தே ஆகவேண்டும்.

நான் கவிழ்ந்த பீப்பாயின் மேல் ஏறினேன். அவர்கள் மொழியில், அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துச் சொன்னேன்:

"இந்த வீட்டில் இனி கம்பி எரியாது, உரிக்கப்படும். பேட்டரி வந்த அன்றே மணலுக்குப் போகும். பூஜை நாளானாலும், புத்தாண்டானாலும், நானே சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவேன். உங்கள் வீட்டுப் பழைய பேட்டரிகளையும் தாருங்கள், சேர்த்தே கொண்டுபோகிறேன். இதில் ஒருநாள் தவறினாலும், எதிர்வீட்டு அண்ணனே, அதே கடப்பாரையோடு வாருங்கள். கதவை நானே திறப்பேன்."