தம்பி கவிழ்த்துப் போட்ட சீட்டுகள்

டயர் கடைக்கு மேலே இருந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போக்கர் ஆடுகிறவர்கள் லிஃப்ட் மெக்கானிக்கை 'எக்ஸ்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷனுக்கு அந்தப் பெயரில் உள்ளூரக் குஷி. வெளியே மட்டும், "சும்மா இருங்கப்பா" என்று சலித்துக்கொள்வார். அடுத்தவன் சீட்டையெல்லாம் ஊடுருவிப் பார்த்த அந்த எக்ஸ்ரேவுக்கு, கூடப் பிறந்த தம்பியின் கண் இருட்டிக்கொண்டு வந்தது தெரியவில்லை. தம்பி எங்கோ தூர தேசத்தில் இல்லை. அதே மேஜையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆட்டம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு முதலில் இரண்டு சீட்டு. பிடித்தால் பந்தயம் வைத்து உள்ளே வரலாம், பிடிக்காவிட்டால் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம். பிறகு நடுவில் விழுகிற சீட்டுகள் எல்லோருக்கும் பொது. காசு கிடையாது. தம்பி வேலை பார்த்த கார் சீட் கவர் கடையிலிருந்து வந்த பெரிய பொத்தான்கள்தான் பந்தயம். தோற்றவர் டீ வாங்க வேண்டும். ஒரு டீக்காக மெக்கானிக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார்.

"நடுவுல விழறதை விடு. முதல் ரெண்டு சீட்டுல எவன் எதை வச்சுக்கிறான், எதைப் போடுறான்னு பாரு. அவனோட வண்டவாளம் பூரா அதுலதான் இருக்கு" என்பார்.

சொன்னதில் தப்பில்லை. பேக்கரிக்காரருக்கு இரண்டும் ஒரே சின்னமாக இருந்துவிட்டால் போதும், உயிரே போனாலும் கீழே வைக்கமாட்டார். கணக்கு வாத்தியார் பெரிய ஜோடி வராமல் பொத்தானைத் தொடமாட்டார். அவர் உள்ளே வந்தால் மற்றவர்கள் நடையைக் கட்டுவது நல்லது. தம்பிக்கோ கையில் வந்ததெல்லாம் தங்கம். இரண்டும் ஏழும் என்று படு மட்டமாக வந்தாலும் உள்ளே பாய்வான், மண்ணைக் கவ்வுவான், சிரித்துக்கொண்டே டீ வாங்கக் கிளம்புவான்.

அண்ணன் அதற்கும் திட்டுவார். அப்பா போனதிலிருந்து அவனுக்கு எல்லாமே அவர்தான்; ஆகவே திட்டும் உரிமையும் முழுக்க அவருடையது. படிப்பை விட்டதற்கு, வேலை வேலையாக மாறியதற்கு, கட்டினவள் விட்டுப் போனதற்கு என்று எதையும் அவர் பாக்கி வைக்கவில்லை. "உனக்கு எதைப் பிடிக்கணும், எதை விடணும்னே தெரியலடா. எப்பத்தான் உருப்படப் போறே?" தம்பி தலையைச் சொறிவான். சீட் கவர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அவன் தனியாக இருந்தான். அண்ணனை அவன் பார்ப்பது பெரும்பாலும் அந்த மேஜையில்தான்.

மழை விட்ட சமயம் அது. தம்பி திடீரென்று சீட்டைக் கவிழ்க்க ஆரம்பித்தான். வந்த இரண்டையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பான், பேசாமல் போட்டுவிடுவான். பக்கத்து ஆள் எட்டிப் பார்த்துவிடாமல் மறைக்கிறான், கெட்டிக்காரன், என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். எப்போதாவது உள்ளே வந்தான் என்றால், கடைசியில் திறந்து காட்டும்போது ராஜாவும் ராணியும் இருக்கும், இல்லாவிட்டால் ராணியும் ஜாக்கியும். நடுவில் விழும் சீட்டுகளை வாத்தியார் வகுப்பில் பாடம் எடுப்பதுபோல் உரக்கச் சொல்லுகிற ஆள். தம்பி அதைக் கேட்டுக்கொண்டே பொத்தானை நகர்த்துவான். பாதி நாள் ஜெயித்தான்.

"கொழுந்தனார் வாசப்படி தடுக்கி விழப் பார்த்தாருங்க. ஆளும் இளைச்சுக் கிடக்கறாரு. என்னன்னு கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"அவனை எனக்குத் தெரியாதா? இப்பத்தான் அவன் ஒழுங்கா யோசிக்க ஆரம்பிச்சிருக்கான். நீ சும்மா இரு."

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீட்டுக் கலைப்பது அண்ணன் முறை. தம்பி போட்ட சீட்டுகளை வாரி எடுக்கும்போது அவை புரண்டுவிட்டன. இரண்டும் ஏஸ். முதல் இரண்டு சீட்டில் அதைவிடப் பெரிய கை கிடையாது. குழந்தைகூட அதைக் கீழே போடாது. அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்ரே ஆயிற்றே, சந்தேகப்படுவாரா? தான் உள்ளே வந்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று தெரிந்து, அடுத்த பெரிய வேட்டைக்காக இதை விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று அவரே ஒரு காரணம் கட்டினார். கட்டி, அதில் சொக்கியும் போனார். யாரிடமும் மூச்சு விடவில்லை. படி இறங்கும்போது தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"இப்பத்தான்டா நீ ஆட்டக்காரன். எனக்கே பெருமையா இருக்கு."

தம்பி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் கழித்து, சீட் கவர் கடை முதலாளி போன் செய்தபோது மெக்கானிக் ஒரு லிஃப்டின் கூரை மேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி துணியோடு சேர்த்து விரலையும் தைத்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட்டார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், சர்க்கரை எங்கேயோ போய் நின்றது. உடனே கண் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

"சர்க்கரை ரொம்ப நாளாவே இருந்திருக்கு. உள்ளே கசிஞ்சு கசிஞ்சு விழித்திரை கெட்டுப்போச்சு" என்றார் டாக்டர். "ஆரம்பத்துல வந்திருந்தா லேசர் வச்சுக் காப்பாத்தியிருக்கலாம். ஒரு அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட ஏதாவது செஞ்சிருப்போம். இனிமே வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரியும். அதுவும் நிக்கும்னு சொல்ல முடியாது."

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மெக்கானிக்குக்கு எல்லாம் விளங்கியது. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றும் படம் போட்ட சீட்டு. சிவப்பும் மஞ்சளும் அப்பிக் கிடக்கும், மங்கின கண்ணுக்கும் தட்டுப்படும். ஏஸ் அப்படியில்லை. நடுவில் ஒற்றைச் சின்னம், மற்றதெல்லாம் வெள்ளை. கலர் தெரிந்தால் வைத்துக்கொண்டான், வெள்ளையாக இருந்தால் போட்டான். அவன் கற்றுக்கொண்ட ஆட்டம் அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் இவர் பூரித்துப் போயிருந்தார்.

"ஏன்டா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

தம்பி கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல வேலை போயிடுமேன்னு பயம். அப்புறம் போனாலும் பரவால்ல, சொல்லிடலாம்னுதான் வந்தேன். அன்னிக்குப் படியிறங்கறப்ப வாயெடுத்துட்டேன். அதுக்குள்ள நீ முதுகுல தட்டிட்டே."

"தட்டினா என்னடா? சொல்ல வேண்டியதுதானே?"

"பெருமையா இருக்குன்னு சொன்னியேண்ணே. எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து நீ அப்படிச் சொன்னதே இல்லியே. கண்ணு தெரியலைன்னு சொன்னா அது இல்லாமப் போயிடுமேன்னு தோணிச்சு. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு தள்ளிட்டே போயிட்டேன்."

மெக்கானிக் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் குலுங்கினார். பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்த தம்பி, இருவருக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தில் கையால் துழாவினான்.

"அண்ணே," என்றான். "போயிட்டியா?"